உள்ளத்தின் காயத்துக்கும் மருந்து உண்டு
கொள்ளைநோய்க் காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் கற்ற பாடம்

உடலுக்கு நோய் வந்தால் நாம் அதை மறைப்பதில்லை. காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம், மருத்துவரிடம் செல்கிறோம், திருப்பலியில் நோயாளியின் பெயரைச் சொல்லி மன்றாடுமாறு கேட்டுக்கொள்கிறோம். உள்ளத்துக்கு நோய் வந்தாலோ கதவைச் சாத்திக்கொள்கிறோம். இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பவரையும், காரணம் சொல்லத் தெரியாமல் அழுபவரையும், இனி வாழ்ந்து என்ன பயன் என்று முணுமுணுப்பவரையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "நன்றாகச் செபம் செய், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அமைதி அடைகிறோம். இவ்வாறு சொல்வதில் அன்பு உண்டு, ஐயமில்லை. ஆயினும், அந்த ஒரு சொல் போதுமா என்பதே ஈண்டு நாம் சிந்திக்க வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேடக் கடல் கடந்து வாழும் ஒரு மக்களினத்தின் அண்மைக்கால அனுபவத்தை நோக்குவோம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் கொரோனாவை உலகு தழுவிய கொள்ளைநோய் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பின் வந்த மாதங்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் கறுப்பின மக்கள் உடலால் பட்ட துன்பத்தை உலகம் ஓரளவு அறியும். அவர்கள் உள்ளத்தால் பட்ட துன்பத்தை அறிந்தோர் சிலரே. ஆழ்ந்த இறைப்பற்றும், கோவிலோடு பிணைந்த வாழ்வும், எதையும் தாங்கும் உறுதியும் கொண்டவர்கள் அம்மக்கள். அத்தகையோரே உள்ளம் உடைந்து நின்றனர் என்றால், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு அன்றோ!

பட்ட காலிலே படும்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் 4 கோடிக்கு மேற்பட்டோர். ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். இவர்களுள் கத்தோலிக்கர் மட்டும் 30 இலட்சம் பேர் அளவில் உள்ளனர். இவர்களின் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவந்து விற்றனர். 1865-இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் பள்ளியிலும், பேருந்திலும், மருத்துவமனையிலும் வேற்றுமை தொடர்ந்தது. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரும், வறுமையும் புறக்கணிப்பும் முற்றிலும் நீங்கியபாடில்லை.

"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்பது நம் முன்னோர் மொழி. கொள்ளைநோய் வந்தபோது அடி விழுந்தது முன்பே அடிபட்டிருந்த காலில்தான். சிக்காகோ நகர மக்களில் கறுப்பினத்தார் 100-க்கு 30 பேர். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அந்நகரில் இந்நோயால் மாண்டவர்களிலோ 100-க்கு ஏறத்தாழ 70 பேர் அவர்களே. லூயிசியானா மாநிலத்திலும் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான அவர்கள், அந்நாளில் இறந்தோரில் 100-க்கு 70-க்கும் மேலானோராய் இருந்தனர்.

இதன் காரணம் அவர்கள் உடலின் நிறத்தில் இல்லை. வாழ்வின் நிலைமையில் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாய்ப்பு, வேலைசெய்யும் கறுப்பினத்தாரில் ஐவருக்கு ஒருவருக்குக்கூடக் கிட்டவில்லை. மற்றவர்கள் பேருந்து ஓட்டினர். மருத்துவமனையைத் துப்புரவு செய்தனர். முதியோர் இல்லங்களில் பணிவிடை புரிந்தனர். கடைகளில் பொருள் எடுத்துக் கொடுத்தனர். டெட்ராய்ட் நகரில் பேருந்து ஓட்டுநர் ஒருவர், வாயை மூடாமல் இருமிக்கொண்டே பயணம் செய்த ஒருவரைப் பற்றி வருந்தி, தம் மனக்குமுறலைப் படமாகப் பதிவுசெய்து 2020 மார்ச் மாதத்தில் மக்களுக்கு வெளியிட்டார். இரு வாரங்கள் நிறைவுறுமுன் அவரே அந்நோயால் மரணமடைந்தார். நாள்தோறும் வேலைக்குச் சென்ற ஒவ்வொரு தாயும் தந்தையும், "இன்று வீட்டுக்கு எதைக் கொண்டு செல்கிறேனோ" என்ற அச்சத்தோடுதான் மாலையில் வாசற்படி ஏறினர். வேலை இழந்தோரின் துயர் மற்றொரு புறம். 2020 மே மாதத்தில் கறுப்பினத் தொழிலாளரில் 100-க்கு ஏறத்தாழ 17 பேர் வேலையின்றி இருந்தனர்.

அந்த ஓராண்டுக்குள் அவர்களின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 3 ஆண்டுகள் குறைந்துவிட்டது. வெள்ளையரின் ஆயுட்காலமும் குறைந்தது. ஆனால் இதில் பாதியளவுகூடக் குறையவில்லை.

உள்ளத்தில் விழுந்த இடி

இத்தனை சாவுகளுக்கு நடுவே, 2020 மே 25-ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவரின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்தி அவர் உயிரைப் போக்கினார். அக்கொடுமையை ஓர் இளம்பெண் படமெடுத்தாள். வீட்டுக்குள் அடைபட்டிருந்த மக்கள் அப்படத்தை மீண்டும் மீண்டும் கண்டனர்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அப்போது வாரந்தோறும் குடும்பங்களின் நிலையைக் கேட்டறிந்து வந்தது. மனச்சோர்வோ மனப்பதற்றமோ நோய் என்று கருதத்தக்க அளவில் காணப்பட்ட கறுப்பினத்தார், அப்படம் வெளிவருமுன் 100-க்கு 36 பேர். வெளிவந்த அடுத்த வாரத்தில் 41 பேர். ஒரே வாரத்தில் பல இலட்சம் பேர் துயரத்தின் எல்லையைக் கடந்துவிட்டனர் என்பது இதன் பொருள்.

அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் வயதுவந்தோரிடம் மற்றோர் ஆய்வு நடத்தியது. கடந்த 30 நாள்களில் தற்கொலை எண்ணம் தீவிரமாக எழுந்ததுண்டா என்ற கேள்விக்கு, எல்லா இனத்தாரையும் சேர்த்து 100-க்கு 11 பேர் "ஆம்" என்றனர். கறுப்பினத்தாரில் 15 பேர் அவ்வாறு சொன்னார்கள். மேரிலாண்ட் மாநிலத்தில் 2020 மார்ச் முதல் மே வரையிலான ஊரடங்கு வாரங்களில், வெள்ளையரிடையே தற்கொலைச் சாவுகள் முந்தைய ஆண்டுகளைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கறுப்பினத்தாரிடையே ஏறத்தாழ இரட்டிப்பாயின. ஒரே நோய், ஒரே ஊரடங்கு, ஒரே மாநிலம்! ஒரு வீட்டுக்கு ஓய்வாக அமைந்த தனிமை, மற்றொரு வீட்டுக்குத் தூக்குவதற்கு இயலாத பாரமாக அமைந்தது. இளைஞர் நிலையும் வருத்தத்துக்குரியது. 10 முதல் 24 வயது வரையுள்ள கறுப்பின இளையோரின் தற்கொலை விகிதம் 2018-க்கும் 2021-க்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது.

அழுவதற்கு இடமின்றிப் போயிற்று

துயரம் புதிதன்று, அதைத் தாங்கும் வழிகளையும் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்தனர். அவ்வழிகளில் முதன்மையானது கோவில். ஞாயிறு வழிபாட்டில் அவர்கள் கைதட்டிப் பாடுவர், உரக்க அழுவர், ஒருவரையொருவர் தழுவித் தேற்றுவர். அடக்கச் சடங்கை அவர்கள் "வீடு திரும்புதல்" என்று அழைப்பது வழக்கம். இறந்தவர் தம் தந்தையின் இல்லம் சேர்ந்தார் என்ற விசுவாசம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. தொலைவிலுள்ள உறவினரெல்லாம் வந்துசேர, பாடல்களும் சாட்சியங்களும் மணிக்கணக்கில் நீளும். பின்னர் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்பர். சாவு வீட்டில் தனியாக அழுவது என்பது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை.

கொள்ளைநோய் முதலில் தாக்கியது இவ்வழக்கத்தையே. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் 2020 பிப்ரவரி 29-ஆம் நாள் நடந்த ஓர் அடக்கச் சடங்குக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். தழுவித் தேற்றிய கைகள் வழியாகவே நோய் பரவிற்று. சின்னாள்களில் அந்நகரம் நாட்டிலேயே மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாயிற்று. ஆறுதல் சொல்ல வந்தவர்களே நோயைச் சுமந்து சென்றார்கள் என்றால், எஞ்சியோர் உள்ளத்தில் எழும் குற்ற உணர்வை எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் பல மாநிலங்களில் அடக்கச் சடங்குக்குப் பத்துப் பேருக்குமேல் கூடலாகாது என்ற விதி வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கல்லறைக்குச் செல்லும்போது சோக இசையும், திரும்பும்போது மகிழ்ச்சி இசையும் முழங்க ஊரே பின்தொடர்ந்து செல்வது பழைய மரபு. அந்நகரின் ஜாஸ் இசைப் பேராசான் எல்லிஸ் மார்சாலிஸ் 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் இந்நோயால் இறந்தபோது, அவரிடம் பயின்றோர் பலர் இருந்தும், வழக்கமான அந்த ஊர்வலத்தை உடனே நடத்த இயலாமற் போயிற்று. புகழ்பெற்றவருக்கே இந்நிலை என்றால் எளியோர் நிலை என்ன? மருத்துவமனையில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒருவர் உயிர் பிரிய, உறவினர் தொலைபேசி வழியாக விடைகொடுத்தனர். தேற்ற வேண்டிய போதகர்களும் தப்பவில்லை. கறுப்பின மக்களின் பெரிய கிறிஸ்தவ சபைகளுள் ஒன்றான, மெம்பிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட "கிறிஸ்துவில் கடவுளின் சபை", அந்த இளவேனிற் காலத்தில் மட்டும் பத்துக்கு மேற்பட்ட ஆயர்களையும் போதகர்களையும் பறிகொடுத்தது.

அடக்கம் முடிந்தது; அழுகை முடியவில்லை. கூடி அழ இடமில்லாத துயரம் உள்ளத்தில் தங்கி நோயாக மாறிற்று. இதில் மிகவும் பரிதாபத்துக்குரியோர் குழந்தைகளே. 2020 ஏப்ரல் முதல் 2021 ஜூன் வரை, தாயையோ தந்தையையோ தம்மை வளர்த்த பாட்டன் பாட்டியையோ இழந்த அமெரிக்கச் சிறார் 1,40,000 பேருக்கு மேல். வெள்ளையினக் குழந்தைகளில் 753 பேருக்கு ஒருவர் இவ்வாறு இழந்தார். கறுப்பினக் குழந்தைகளில் 310 பேருக்கு ஒருவர்.

மருத்துவரிடம் செல்லத் தயங்கியது ஏன்?

இத்தனைத் துயரத்தில் இருந்தோர் மருத்துவ உதவியை நாடலாம் அன்றோ என்று வாசகர் வினவலாம். அமெரிக்காவில் மனநோயுற்ற கறுப்பினத்தாரில் மூவரில் ஒருவரே சிகிச்சை பெறுகிறார் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. இதற்குப் பணமின்மை ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு: அவர்கள் நம்பிக்கை சிதைக்கப்பட்டிருந்தது.

1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் மருத்துவர் ஒரு புதிய மனநோயைக் "கண்டுபிடித்தார்". அடிமைகள் எசமானை விட்டு ஓட விரும்புவது ஒரு வகைப் பைத்தியம் என்றும், சாட்டையடியே அதற்கு ஏற்ற சிகிச்சை என்றும் எழுதினார். விடுதலை வேட்கைக்கு நோய் என்று பெயரிட்ட இக்கொடுமையை என்னென்பது! அடுத்த நூற்றாண்டிலும் நிலை பெரிதும் திருந்தவில்லை. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், மேகநோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு, சிகிச்சை அளிப்பதாகச் சொல்லிக்கொண்டே உரிய சிகிச்சை தராமல், நோய் எவ்வாறு முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். பெனிசிலின் மருந்து கிடைத்த பின்னரும் அது அவர்களுக்குத் தரப்படவில்லை. 1997-இல்தான் அதிபர் கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1960-களில் மிச்சிகன் மாநிலத்தின் ஐயோனியா மனநோய் மருத்துவமனையில், உரிமைக்காகக் கொதித்தெழுந்த காலத்துக் கறுப்பின ஆண்கள் பலர் மனச்சிதைவு நோயாளர் என முத்திரை குத்தப்பட்டதை, ஜோனத்தன் மெட்சல் என்னும் மனநோய் மருத்துவர் 2010-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து காட்டியுள்ளார்.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்க இயலாது. 2020 டிசம்பரில் இந்தியானா மாநிலத்தில் கொரோனாவால் படுக்கையில் கிடந்த கறுப்பினப் பெண் மருத்துவர் ஒருவர், தம் வலியைத் தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பொருட்படுத்தவில்லை என்றும், தாம் வெள்ளையராய் இருந்திருந்தால் இவ்வாறு நடத்தப்பட்டிருக்க மாட்டார் என்றும் உலகறியச் சொன்னார். சில நாள்களில் அவர் உயிர்நீத்தார். மருத்துவர்க்கே இந்நிலை என்றால், பாமரர் தம் உள்ளத்தின் இரகசியங்களை அறிமுகமற்ற ஒருவரிடம் எவ்வாறு திறந்து காட்டுவர்? தம் இனத்தைச் சேர்ந்த மனநோய் மருத்துவரை நாடலாம் என்றாலோ, அந்நாட்டின் மனநோய் மருத்துவர்களில் கறுப்பினத்தார் 100-க்கு 5 பேர்கூட இல்லை.

வலிமை என்னும் சுமை

வெளியிலிருந்து வந்த தடை இது. உள்ளிருந்தே எழுந்த தடை ஒன்றும் உண்டு. துன்பத்திலேயே வளர்ந்த சமுதாயம் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த முதற்பாடம் "உறுதியாய் இரு, கண்ணீரைக் காட்டாதே" என்பதாகும். குறிப்பாகப் பெண்கள்மேல் இச்சுமை ஏற்றப்பட்டது. ஷெரில் உட்ஸ் ஜிஸ்கோம்பே என்னும் செவிலியர்துறைப் பேராசிரியை 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இதன் கூறுகளை வகுத்துரைத்தார்: எந்நேரமும் வலிமையுள்ளவளாய்த் தோன்ற வேண்டும்; உணர்ச்சிகளை அடக்க வேண்டும்; பிறரைச் சார்ந்திருக்கக் கூடாது; வசதியின்றியும் வென்றாக வேண்டும்; தன்னை மறந்து பிறரைப் பேண வேண்டும். இப்பண்புகள் குடும்பங்களைக் காத்தன என்பது உண்மை. ஆனால் காத்தவளைக் காப்பார் யார்? தன் களைப்பைச் சொல்ல வழியற்ற பெண் ஒருநாள் சாய்ந்து விழுகிறாள். அதுவரை அவள் துன்பம் ஒருவருக்கும் தெரிவதில்லை.

கோவிலும் இதில் தன் பங்கை ஆராய்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. கோவில் அம்மக்களுக்குத் தாய்மடியாக இருந்தது. எனினும், சில பிரசங்க பீடங்களிலிருந்து, மனச்சோர்வு விசுவாசக் குறைவின் அடையாளம் என்றும், உறுதியாகச் செபிப்பவருக்கு மருத்துவர் வேண்டியதில்லை என்றும் போதனை ஒலித்தது. விளைவு என்ன? நோயுற்றவர் இருமடங்கு துன்புற்றார். நோய் ஒரு புறம். கடவுள் தம்மைக் கைவிட்டார், அல்லது தாம் கடவுளைக் கைவிட்டோம் என்ற வீண்பழி மறுபுறம்.

உண்மையில், துயரத்தை மறைப்பது அம்மக்களின் ஆன்மிக மரபு அன்று. அடிமைகளாய்ப் பருத்திக் காட்டில் உழைத்த முன்னோர் தம் வேதனையைப் பாடல்களாக இறைவனிடம் கொட்டினர். இதை அமெரிக்க ஆயர்களுக்கு மறக்க இயலாதவாறு நினைவூட்டியவர் அருட்சகோதரி தேயா பவ்மன் ஆவார். 1937-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, சிறுமியாய் இருக்கும்போதே கத்தோலிக்க மறையைத் தழுவிய இவர், பிரான்சிஸ்கன் துறவியானார். 1989 ஜூன் மாதம், புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ஆயர்களின் மாநாட்டில் உரையாற்றினார். தாயற்ற குழந்தையின் ஏக்கத்தைச் சொல்லும் பழைய அடிமைப் பாடல் ஒன்றைத் தொடக்கத்தில் பாடினார். இறுதியில் ஆயர்களை எழுந்து நிற்கச் செய்து, கைகோத்துத் தம்முடன் பாடவும் வைத்தார். அடுத்த ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். 2018-இல் அவருக்குப் புனிதர் பட்டமளிப்பதற்கான முயற்சி முறையாகத் தொடங்கப்பட்டது. சாவின் விளிம்பில் நின்றுகொண்டு தம் துயரத்தை மறைக்காமல் பாடிய அவ்வம்மையாரைக் கோழை என்று சொல்வார் உண்டோ?

கதவுகள் திறந்தன

கொள்ளைநோய் பல கதவுகளை மூடிற்று. ஆயினும், நெடுநாள் மூடியிருந்த ஒரு கதவை அதுவே திறக்கவும் செய்தது. மக்கள் வாய்திறந்து பேசத் தொடங்கினர். முன்னாள் அதிபரின் துணைவியார் மிஷேல் ஒபாமா, 2020 ஆகஸ்டு மாதத்தில், தமக்கும் ஒருவகை மனச்சோர்வு இருப்பதாக வெளிப்படையாகக் கூறினார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த சீருடல் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021 ஜூலை 27-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக் குழுப்போட்டியின் நடுவில், தம் மனநிலை இடங்கொடாததால் விலகினார். பலர் பழித்தனர், பலர் நன்றி கூறினர். ஓய்வெடுத்து, உதவி பெற்று, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். உதவி கேட்பது தோல்வி அன்று என்பதற்கு இளைஞர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

திரைப்பட நடிகை தராஜி ஹென்சன், வியட்நாம் போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய தம் தந்தையின் நினைவாக 2018-இல் ஓர் அறநிலையம் நிறுவியிருந்தார். 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வாழ்வு குலைந்த கறுப்பின மக்கள் ஆற்றுப்படுத்துநரோடு தொலைவிலிருந்தே கட்டணமின்றி உரையாட அது வழிசெய்தது. மருத்துவமனை வாசலை மிதிக்க நாணியோரும், வீட்டின் ஒரு மூலையில் தொலைபேசியோடு அமர்ந்து தம் பாரத்தை இறக்கிவைக்க முடிந்தது.

இன்னொரு பணி நம் கவனத்துக்கு மிகவும் உரியது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் லோரன்சோ லூயிஸ் என்பவர் 2016-இல் "கன்ஃபெஸ் புராஜெக்ட்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மனந்திறந்து அறிக்கையிடுதல் என்பது அப்பெயரின் பொருள். கறுப்பின ஆண்கள் மருத்துவரிடம் பேசாததை முடிதிருத்துபவரிடம் பேசுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே முடிதிருத்துவோருக்கே பயிற்சி தந்தார். குறுக்கிடாமல் கேட்பது எப்படி, இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்ப்பது எப்படி, நிலைமை மோசமென்று கண்டால் உரிய மருத்துவரிடம் வழிகாட்டுவது எப்படி என்பவை அப்பயிற்சியின் பாடங்கள். முடிதிருத்துபவர் மருத்துவராகிவிடவில்லை, மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு பாலமானார். நம்பிக்கை எங்கே உள்ளதோ அங்கிருந்தே உதவி தொடங்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

மருத்துவ உலகமும் தன் குற்றத்தை ஏற்க முன்வந்தது. 2021 ஜனவரி 18-ஆம் நாள் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கமும், அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு உளவியலார் சங்கமும், தங்கள் துறை கறுப்பினத்தார்க்கு இழைத்த அநீதிக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டன. மனத்தாபமின்றி ஒப்புரவு இல்லை என்பதை நாம் அறிவோம். பழைய காயம் ஒருநாளில் ஆறாது. ஆயினும் ஆறத் தொடங்குவதற்கு இது முதற்படி.

செபமும் மருந்தும்

அன்பு வாசகர்களே, அம்மக்களின் அனுபவத்திலிருந்து மூன்று உண்மைகளை நம் உள்ளத்தில் பதித்துக்கொள்வது நலம்.

முதலாவது, மனச்சோர்வு பாவம் அன்று; நோய். பாவத்துக்கு ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. நோய்க்கு மருத்துவம் உண்டு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்புவதால் நோயாளிக்குத் தீங்கே விளையும். இறைவாக்கினர் எலியாவை நினைத்துப் பாருங்கள். பாலைவனத்தில் ஒரு செடியின் நிழலில் படுத்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டினார் அவர். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வானதூதரை அனுப்பி அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார், மீண்டும் உண்ணச் செய்தார். அறிவுரை பின்னர்தான் வந்தது. மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே, மருந்துகளை மண்ணிலிருந்து தோற்றுவித்தவரும் அவரே என்று சீராக் ஆகமமும் போதிக்கிறது. ஆகவே மருத்துவரிடம் செல்பவர் கடவுளைவிட்டு அகல்வதில்லை. கடவுள் அமைத்த வழியிலேயே நடக்கிறார். செபத்தைக் கைவிடச் சொல்வோர் யாருமில்லை. நோயுற்றவர் செபிக்க இயலாத நாள்களில், அவருக்காக அவர் குடும்பம் செபிக்கட்டும். அவருடைய கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்தும் செல்லட்டும்.

இரண்டாவது, துயரத்துக்கு ஓர் இடம் வேண்டும். சாவு நிகழ்ந்த வீட்டில், கொள்ளைநோய் போன்ற காரணங்களால் சடங்குகள் முறையாக நடவாமற் போயிருந்தால், ஆண்டு பல கடந்த பின்னரும் அவர் பெயரால் கூடித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, அவரைப் பற்றிப் பேசி அழுவது வீண்செயல் அன்று. "போனது போகட்டும், அழாதே" என்று வாயடைப்பதைவிட, "அவரைப் பற்றிச் சொல், கேட்கிறேன்" என்று அருகில் அமர்வது மேலான ஆறுதல். குழந்தைகளுக்கு இது இன்னும் மிகுதியாகத் தேவை. குழந்தை அழாமல் இருப்பதால் அதற்குத் துயரம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, வீட்டில் வலிமையுள்ளவர் என்று பெயர்பெற்றவரை முதலில் கவனியுங்கள். எல்லாரையும் தாங்கும் தாய், யாரிடமும் குறை சொல்லாத தந்தை, குடும்பப் பொறுப்பைச் சிறுவயதிலேயே ஏற்ற மூத்த மகன் அல்லது மகள் ஆகியோரே தம் துன்பத்தை மறைப்பதில் வல்லவர்கள். உறக்கம் கெடுதல், பசியின்மை, முன்பு விரும்பியவற்றில் பற்றின்மை, காரணமற்ற சினம், ஒதுங்கியிருத்தல், தாம் பிறருக்குப் பாரம் என்ற பேச்சு ஆகியவை இரு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரை நாடத் தாமதிக்கலாகாது. சாக விரும்புவதாக ஒருவர் சொன்னால் அதை வெறும் மிரட்டல் என்று ஒருநாளும் தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். அவரிடம் நேரடியாக அதைப் பற்றிக் கேட்பதால் அவ்வெண்ணம் வளராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே பிறக்கும்.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கும் ஒரு சொல். கடுமையான மனக்குழப்பமும் வேதனையும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது. அக்குடும்பங்களைச் சுட்டிப் பேசுவதும் ஒதுக்கிவைப்பதும் கிறிஸ்தவர்க்குத் தகாது.

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் ஆன்மாவின் துயரத்தைத் தம் நண்பர்களிடம் மறைக்கவில்லை. தம்மோடு தங்கி விழித்திருக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களோ உறங்கிவிட்டனர். நம் வீட்டிலோ, அடுத்த தெருவிலோ, கோவிலில் நமக்கு முன்வரிசையிலோ அதே வேண்டுகோளோடு ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் இந்த வாரமே சென்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் விடை சொல்லி முடிக்கும்வரை அமர்ந்திருங்கள்.